டெண்டர் திறப்பதற்கு முன்பே தொடங்கும் கண்காணிப்பு: உச்சிப்புளி வட்டாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உச்சிப்புளியைச் சுற்றி அரசாங்கம் பல உருவங்களில் இருக்கிறது. மண்டபம் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் இங்கேதான். ரயில் நிலையம் இருக்கிறது. 2009-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது. ஊரைத் தொட்டுக்கொண்டு மதுரை–ராமேஸ்வரம் தேசிய நெடுஞ்சாலை போகிறது. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலமும் தொலைவில் இல்லை. இவை ஒவ்வொன்றும் நாள்தோறும் எதையாவது வாங்குகின்றன. சிமென்ட், ஜல்லி, மேசை நாற்காலி, மின்விளக்கு, துணி, துப்புரவு வேலை, வண்டி வாடகை, சமையல் என்று பட்டியல் நீளும்.

ஆனால் இதே ஊரில் ஹாலோபிளாக் பட்டறை வைத்திருப்பவரையோ, தையல் எந்திரம் வாங்கிப் போட்ட மகளிர் குழுவையோ, பட்டியல் சமூகத்தில் பிறந்து புதிதாக ஒப்பந்ததாரராகப் பதிந்துகொண்ட இளைஞரையோ கேட்டுப் பாருங்கள். "டெண்டர் எல்லாம் பெரிய ஆளுங்களுக்குங்க" என்பார்கள். ராமநாதபுரம், 2018-ல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று அறிவித்த பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் வந்தவை இதுவும் விருதுநகரும்தான். இங்கே செலவாகும் பொதுப்பணம் இங்குள்ள சிறுதொழிலைத் தொடாமல் போவது மாவட்டத்துக்கே இழப்பு.

இதை மாற்ற ஊர் மக்களால் முடியும். போட்ட ஆறு மாதத்தில் ரோடு பெயர்ந்த பிறகு போட்டோ எடுத்துப் போடுவதைத்தான் நாம் கண்காணிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் வேண்டியதே. ஆனால் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பது அதற்கு வெகு முன்னாலேயே, டெண்டர் அறிவிப்பு வந்த முதல் பதினைந்து நாளில் முடிவாகிவிடுகிறது. இந்த வழிகாட்டி அந்தப் பதினைந்து நாளுக்கே அதிக இடம் கொடுக்கிறது.

முதல் படி: யாருடைய பணம் என்று பிரித்துப் பாருங்கள்

ஒரே தெருவில் நடக்கும் இரண்டு வேலைகளுக்கு இரண்டு வேறு விதிகள் பொருந்தும்.

ஊராட்சி, ஒன்றியம், மாநில நெடுஞ்சாலைத் துறை, குடிநீர் வடிகால் வாரியம், மின்வாரியம் போன்றவை செலவு செய்தால் அது தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-ன் கீழ் வரும். அதன் விதிகள் 2000-ல் வந்தன. ஊராட்சி வேலைகளுக்கு மதிப்பீடு தயாரிப்பது, ஒப்பந்தம் விடுவது பற்றி 2007-ல் தனி விதிகளும் உண்டு.

ரயில்வே, கடற்படை, ராணுவப் பொறியியல் சேவை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஆகியவை மத்திய அரசைச் சேர்ந்தவை. சிறு நிறுவனங்களுக்கு இங்கே முக்கியமான ஆயுதம், குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை, 2012. மத்திய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்குவதில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்கிறது அது. தொடக்கத்தில் 20 சதவீதமாக இருந்தது பிறகு உயர்த்தப்பட்டது. அந்த 25-க்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களுக்கும், 3 சதவீதம் பெண்களின் நிறுவனங்களுக்கும் உரியது. டெண்டர் ஆவணம் இலவசம். முன்வைப்புத் தொகை, அதாவது ஈஎம்டி, கட்ட வேண்டியதில்லை. குறைந்த விலை கேட்டவர் பெரிய நிறுவனமாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கை வழங்கும் வாய்ப்பும் உங்களுக்குத் தரப்பட வேண்டும்.

இரண்டு இடங்களில் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்று, இந்தக் கொள்கை பொருள்களுக்கும் சேவைகளுக்கும்தான். கட்டட வேலை, ரோடு வேலை போன்ற கட்டுமான ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது. இரண்டு, பொருளைச் செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் உரியது. வாங்கி விற்கும் வியாபாரி, குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு வைத்திருந்தாலும் இந்தச் சலுகை கிடைக்காது. ஆகவே மேசை செய்யும் தச்சுப் பட்டறைக்கு வழி உண்டு, மேசையை மதுரையில் வாங்கி விற்கும் கடைக்கு இல்லை.

கட்டுமான வேலையில் இந்தக் குறையைக் கர்நாடகம் தன் கொள்முதல் சட்டத்தைத் திருத்தியே சரிசெய்தது. ரூ.50 லட்சம் வரையிலான வேலைகளில் 17.15 சதவீதம் பட்டியல் சாதி ஒப்பந்ததாரர்களுக்கும், 6.95 சதவீதம் பழங்குடி ஒப்பந்ததாரர்களுக்கும் ஒதுக்கியது. 2023-ல் அந்த வரம்பை ரூ.1 கோடியாக உயர்த்தியது. நம் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கும்போது கையில் வைத்திருக்க வேண்டிய முன்னுதாரணம் இது.

இரண்டாம் படி: கண்காணிப்புக் குழுவை யாரை வைத்து அமைப்பது

ஏழெட்டுப் பேர் போதும். ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் கிடைத்தால் பாதி பலம் வந்துவிட்டது. மதிப்பீட்டை வாசிக்கத் தெரிந்தவர் ஊரில் அரிது. ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளிர் குழுத் தலைவி, கணினி இயக்கத் தெரிந்த கல்லூரி மாணவர், சிறு ஒப்பந்ததாரர், பட்டறைக்காரர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். என்மனங்கொண்டான், நாகாச்சி, புதுமடம், இரட்டையூரணி என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் இருந்தால் நல்லது. டெண்டர்கள் ஒன்றிய அளவில்தான் வருகின்றன.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். நம் ஊர்களில் ஒப்பந்தம் கட்சி வழியாகவும் சாதி வழியாகவும் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே சாதிக்காரர்கள், ஒரே கட்சிக்காரர்கள், ஒரே மதத்தவர் கூடி அமைக்கும் குழுவை ஊர் நம்பாது. நம்பவும் கூடாது. காலனித் தெருவிலிருந்தும் மீனவர் குடியிருப்பிலிருந்தும் பெண்கள் உட்காராத குழு, ஒதுக்கப்பட்டவர்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்ல முடியாது.

முதல் கூட்டத்திலேயே ஒரு விதியை எழுதிக் கையெழுத்திடுங்கள்: குழுவில் இருப்பவரோ அவருடைய நெருங்கிய உறவினரோ ஒரு டெண்டரில் விலை போட்டால், அந்த டெண்டர் பற்றிய பேச்சில் அவர் உட்காரக் கூடாது. இதை எழுதாவிட்டால் குழுவே டெண்டரைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் இன்னொரு 'ரிங்' ஆகிவிடும். வேலை கிடைக்காதவர் பழிவாங்கக் குழுவைப் பயன்படுத்துகிறார் என்ற பேச்சும் கிளம்பும். அந்தப் பேச்சுக்கு ஒருமுறை இடம் கொடுத்தால் அதிகாரிகள் உங்கள் மனுவை வாசிக்கவே மாட்டார்கள்.

மூன்றாம் படி: சிறு தொழில்காரரின் காகிதங்களைச் சரி செய்யுங்கள்

அநியாயம் நடந்ததாக நாம் நினைக்கும் பல இடங்களில், நம் ஆளிடம் காகிதமே இருந்திருக்காது. உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இது முழுக்க இலவசம். பணம் கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். பதியும்போது உரிமையாளர் பெண் என்பதையும், பட்டியல் சாதி, பழங்குடி என்பதையும் சரியாகக் குறிப்பிட வேண்டும். அது பதிவில் இல்லையென்றால் 4 சதவீதம், 3 சதவீதக் கணக்கில் நீங்கள் வரமாட்டீர்கள். கூட்டு நிறுவனமாக இருந்தால் அந்தப் பிரிவினரின் பங்கு குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும்.

மின் டெண்டரில் விலை போட டிஎஸ்சி என்கிற மின் கையொப்பம் வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களுக்குப் பொருளோ சேவையோ விற்க, 2016-ல் தொடங்கிய 'ஜெம்' தளத்தில் விற்பனையாளராகப் பதிய வேண்டும். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் இவற்றுக்கு வழிகாட்டுவார்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோர் அங்கே 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தையும் கேட்க வேண்டும். அதில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.1.5 கோடி வரை மூலதன மானியம் உண்டு.

நான்காம் படி: அறிவிப்பைத் தவறவிடாதீர்கள்

தமிழ்நாடு அரசின் மின் டெண்டர் தளம், மத்திய பொதுக் கொள்முதல் தளம், ரயில்வேயின் தனித் தளம், ஜெம் ஆகிய நான்கையும் வாரத்தில் இரண்டு முறை பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். ஒன்றிய அலுவலக அறிவிப்புப் பலகையை இன்னொருவர் பார்க்கட்டும். மாவட்ட டெண்டர் இதழ் என்று ஒன்று சட்டப்படி உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் அதைக் கேட்டுப் பழகுங்கள்.

அறிவிப்பைக் கண்டதும் முழு ஆவணத்தையும் அன்றே இறக்கிச் சேமியுங்கள். பின்னால் திருத்த அறிவிப்பு வந்தால், முன்பு என்ன இருந்தது என்பதற்கு உங்கள் பிரதிதான் சாட்சி.

அடுத்து நாளை எண்ணுங்கள். மாநில விதிகளின்படி ரூ.2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். இதைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரியின் அனுமதியும் எழுத்தில் காரணமும் வேண்டும். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு முதல் நாள் ஏற்றி, விடுமுறை முடிந்ததும் மூடும் டெண்டர்களைக் குறித்து வையுங்கள். பெரிய ஒப்பந்ததாரருக்கு ஆவணம் தயார் செய்ய ஆள் இருக்கிறது. சிறியவர் ஆடிட்டரைப் பார்க்கவும் வங்கிக்குப் போகவும் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும். அவகாசத்தைக் குறைத்தால் முதலில் வெளியேறுபவர் அவர்தான்.

ஐந்தாம் படி: நிபந்தனைகளை வரிக்கு வரி வாசியுங்கள்

குழுவின் உழைப்பில் பாதி இங்கேதான் போக வேண்டும். ஒருவரை வெளியே தள்ள அவருடைய பெயரை எழுத வேண்டியதில்லை. அவரிடம் இல்லாத ஒன்றை நிபந்தனையாக எழுதினால் போதும்.

மகாராஷ்டிரத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கன்வாடிக் குழந்தைகளுக்கான உணவு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபர் 7-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒப்பந்ததாரர்கள் வேண்டாம், கிராம சமுதாயமும் சுயஉதவிக் குழுக்களும் மகளிர் மன்றங்களும் செய்யட்டும் என்று. ஆனால் மகாராஷ்டிர அரசு பிறகு விட்ட டெண்டரில், சாதாரணக் கிராமத்து மகளிர் குழு எட்ட முடியாத நிபந்தனைகள் இருந்தன. மகளிர் குழு என்ற பெயரில் பெரிய கைகள் வருவதற்கு அது வழி செய்தது. வைஷ்ணோராணி மகளிர் பச்சத் கட் என்ற குழு வழக்குப் போட்டது. 2019 பிப்ரவரி 26-ல் உச்ச நீதிமன்றம் அந்த டெண்டரை ரத்து செய்து, புதிதாக விடச் சொன்னது. ஒரு மகளிர் குழு நிபந்தனையை வாசித்து, இது எங்களை வெளியே தள்ளுவதற்காக எழுதப்பட்டது என்று சொல்லி, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. நம் ஊர்க் கூட்டங்களில் இந்த வழக்கைச் சொல்லுங்கள். "நாமெல்லாம் என்ன செய்ய முடியும்" என்ற பேச்சு அடங்கும்.

தமிழ்நாட்டிலும் 2021-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ரேஷன் பருப்பு, பாமாயில் டெண்டரை ரத்து செய்துவிட்டு, தகுதி நிபந்தனைகளைத் தளர்த்தி மறுபடி விட்டது. கதவைச் சற்று அகலமாகத் திறந்ததும் போட்டியாளர்கள் கூடினார்கள். வாங்கும் விலையும் இறங்கியது. சிறு நிறுவனங்களை உள்ளே விடுவது அரசுக்குச் செலவு என்பவர்களுக்கு இது பதில்.

நீங்கள் வாசிக்கும் ஆவணத்தில் இவற்றைத் தேடுங்கள். ஆண்டு விற்றுமுதல் வேலையின் மதிப்புக்குப் பொருந்துகிறதா? சில லட்ச ரூபாய் வேலைக்குக் கோடிகளில் விற்றுமுதல் கேட்டால் காரணம் கேளுங்கள். "இதே போன்ற வேலை செய்த அனுபவம்" என்பதில் 'இதே போன்ற' என்பது எவ்வளவு குறுக்கப்பட்டிருக்கிறது? அரசு வேலை அனுபவம் மட்டுமே செல்லும் என்றால், புதியவர் எப்படித்தான் உள்ளே வருவது? இன்ன கம்பெனிப் பொருள்தான் என்று மறைமுகமாகக் குறிக்கும் அளவுகள் இருக்கின்றனவா? தேவைக்கு மேற்பட்ட அம்சங்களை விவரக்குறிப்பில் சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017-ம் ஆண்டுப் பொது நிதி விதிகளே சொல்கின்றன.

வேலை நடக்கும் இடத்தைப் பார்த்ததாக ஒரு அதிகாரியிடம் சான்று வாங்கி வர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் உஷாராகுங்கள். சான்று தரும் மேசையிலேயே யார் போட்டியிடலாம் என்பது முடிவாகிவிடும். யார் யார் போட்டியிடப் போகிறார்கள் என்ற தகவலும் அங்கிருந்தே கசியும்.

எல்லாவற்றையும்விடச் சிறு ஒப்பந்ததாரரை அதிகம் அடிப்பது 'பேக்கேஜ்' முறை. பத்து ஊராட்சிகளில் பத்துச் சிறு வேலைகள் இருக்கின்றன. தனித்தனியாக விட்டால் பத்து உள்ளூர்க்காரர்கள் செய்யலாம். ஒரே பேக்கேஜாகக் கட்டினால் பெரியவர் ஒருவர் எடுத்து, அதே பத்துப் பேரிடம் 'சப்', அதாவது துணை ஒப்பந்தம், கொடுத்து, நடுவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். சேர்த்து விடுவதற்குத் தொழில்நுட்பக் காரணம் சில வேலைகளில் இருக்கலாம். நீளமான ஒரே குடிநீர்க் குழாயைத் துண்டு போட முடியாது. ஆனால் தனித்தனி ஊர்களில் உள்ள சிமென்ட் ரோடுகளை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வர வேண்டும்.

குறை கண்டால் டெண்டர் மூடும் முன்பே எழுதுங்கள். டெண்டர் அழைக்கும் அதிகாரிக்கு ஒரு கடிதம், ஆட்சியருக்கு நகல். எந்தப் பக்கம், எந்தப் பிரிவு, என்ன மாற்றம் வேண்டும் என்று ஒரே தாளில் இருக்கட்டும். திருத்த அறிவிப்பு வெளியிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. டெண்டர் முடிந்த பிறகு நிபந்தனையைக் குறை சொன்னால், அப்போது ஏன் பேசவில்லை என்ற கேள்வி நீதிமன்றத்திலும் வரும்.

ஆறாம் படி: திறக்கும் நாளும் அதற்குப் பிறகும்

பிலிப்பைன்ஸின் 2003-ம் ஆண்டுக் கொள்முதல் சட்டம், அரசு ஏலக் குழுக்கள் தம் கூட்டங்களுக்குத் தன்னார்வ அமைப்புகளைப் பார்வையாளராக அழைக்க வேண்டும் என்றது. உக்ரைனில் 2016 முதல் அரசுக் கொள்முதல் பொதுமக்கள் பார்க்கும் ஒரே தளத்தில் நடக்கிறது. நம் சட்டத்தில் திறப்பின்போது இருக்க உரிமை உள்ளவர்கள் விலை போட்டவர்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும்தான். எனவே சிறு ஒப்பந்ததாரர் கட்டாயம் நேரில் போகவோ தளத்தில் பார்க்கவோ வேண்டும். மற்றவர்களும் மின் டெண்டர் தளத்தின் 'டெண்டர் நிலை' பகுதியில் எத்தனை பேர் போட்டார்கள், யார் நிராகரிக்கப்பட்டார்கள், யாருக்குக் கிடைத்தது என்று பார்க்கலாம்.

மூன்று விஷயங்களை மாநில டெண்டர் சட்டமே உங்களுக்குத் தருகிறது. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதானால் மிகக் குறைந்த விலை போட்டவரிடம் மட்டுமே பேசலாம். யாருக்குக் கிடைத்தது என்பதோடு, மற்றவர்களை ஏன் நிராகரித்தோம் என்ற காரணமும் டெண்டர் இதழுக்குப் போக வேண்டும். நிராகரிக்கப்பட்டவர் ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்தப் பத்து நாள் பலருக்குத் தெரியாமலே கழிந்துவிடுகிறது. ஆணை கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.

போலிப் போட்டிக்கு அடையாளங்கள் உண்டு. நாலு பேரின் விலைப்பட்டியலிலும் ஒரே எழுத்துப்பிழை. வரிசை எண்ணில் அடுத்தடுத்து எடுத்த வங்கி வரைவோலைகள். இந்த முறை இவர், அடுத்த முறை அவர் என்று சுற்றிவரும் வெற்றி. அறப்போர் இயக்கம் 2018-ல் சென்னை, கோவை மாநகராட்சி டெண்டர்கள் பற்றிப் புகார் கொடுத்தபோது, போட்டியாளர்கள் ஒரே இணைய (ஐ.பி.) முகவரியிலிருந்து விலை போட்டதாக ஆவணங்களைக் காட்டியது. 2021 ஆகஸ்டில் ஊழல் தடுப்புத் துறை வழக்குப் பதிந்தது. அந்த வழக்கு நீதிமன்றத்தில் பல திருப்பங்களைச் சந்தித்தது. ஆனால் சாதாரணக் குடிமக்கள் காகிதத்தை அடுக்கி வைத்து ஒப்பிட்டால் என்னவெல்லாம் வெளியே வரும் என்பதை அது தமிழ்நாட்டுக்குக் காட்டியது. டெண்டரில் கூட்டுச் சேர்ந்து விலை பேசுவது 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படியும் தடைசெய்யப்பட்டது.

ஒரே ஆள் ஜெயித்துக்கொண்டிருப்பதே தவறுக்குச் சான்றாகாது. அவர் உண்மையிலேயே குறைந்த விலையில் நல்ல வேலை செய்பவராகவும் இருக்கலாம். மூன்றாண்டுப் பட்டியலை எடுத்து, எத்தனை பேர் போட்டியிட்டார்கள், மதிப்பீட்டைவிட எவ்வளவு கூடக் குறைய விலை போனது என்று பார்த்த பிறகே பேசுங்கள்.

ஏழாம் படி: வேலை நடக்கும்போது

வேலைப் பலகையில் திட்டத்தின் பெயர், தொகை, ஒப்பந்ததாரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மதிப்பீட்டின் நகலையும் எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் நகலையும் தகவல் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் கேளுங்கள். கட்டணம் ரூ.10. பதில் தர 30 நாள். வரவில்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மத்திய அரசு அலுவலகமாக இருந்தால் மத்தியத் தகவல் ஆணையம்.

மனுவை இப்படி எழுதலாம்:

"..... ஊராட்சியில் நடைபெறும் ..... வேலை தொடர்பாக: (1) நிர்வாக அனுமதி, மதிப்பீடு, பணி ஆணை ஆகியவற்றின் நகல், (2) விலை போட்டவர்களின் ஒப்பீட்டுப் பட்டியல், நிராகரிப்புக்கான காரணங்கள், (3) டெண்டர் அவகாசம் குறைக்கப்பட்டிருந்தால் அதற்கான ஆணை, (4) அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பட்டியல் தொகை வழங்கிய விவரம், (5) சட்டத்தின் 2(j) பிரிவில் உள்ள 'தகவல் பெறும் உரிமை'ப்படி வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் நாள் குறித்துத் தர வேண்டுகிறேன்."

ஐந்தாவது வரி பலருக்குத் தெரியாத உரிமை. தகவல் என்றால் காகிதம் மட்டும் இல்லை. வேலையைப் பார்க்கவும், சிமென்ட் கலவையில் மாதிரி கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. நம் கடற்கரையில் இது மிக அவசியம். உப்பேறிய மணலையும் உவர் தண்ணீரையும் கலந்து போட்ட கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வெடிக்கும். அந்தக் கட்டடம் பள்ளிக்கூடமாகவோ அங்கன்வாடியாகவோ இருந்தால் விளைவு குழந்தைகளின் தலையில் விழும்.

'சப்' எடுத்துச் செய்யும் உள்ளூர்க்காரரிடமும் பேசுங்கள். வேலை முழுக்கச் செய்பவர் அவர். ஆனால் காகிதத்தில் அவர் பெயர் இல்லை. அனுபவச் சான்று பெரியவர் பெயருக்குப் போகிறது. அடுத்த டெண்டரில் "அனுபவம் இல்லை" என்று இவரையே நிராகரிக்கிறார்கள். இருபது வருடம் ரோடு போட்டவர் ஏட்டில் ஒரு ரோடும் போடாதவராக இருக்கிறார். குழு இந்தக் கதைகளைத் தேதியோடு, வேலையின் பெயரோடு பதிவு செய்ய வேண்டும்.

எட்டாம் படி: பணம் வராமல் நின்றால்

வேலை கிடைத்தும் சிறு நிறுவனம் மூடப்படுவது பெரும்பாலும் பில் தாமதத்தால்தான். வட்டிக்கு வாங்கிப் பொருள் போட்டவரால் ஆறு மாதம் காத்திருக்க முடியாது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது அரசு அலுவலகத்துக்கும் பொருந்தும். புகாரை இணையத்தில் பதியலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சியில் இதற்கான வசதியாக்க மன்றங்கள் உள்ளன. கட்டுமான ஒப்பந்தங்களுக்கு இது செல்லுமா என்பதில் நீதிமன்றங்களின் பார்வை வேறுபடுகிறது. கட்டுமான ஒப்பந்ததாரர்கள் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

ஒன்பதாம் படி: ஊரைக் கூட்டி வாசியுங்கள்

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு ஒரு பொது விசாரணை நடத்தியது. வேலைக் கணக்குகளை ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் எழுந்து, எனக்குக் கூலி வரவில்லை, அந்தக் கட்டடம் முடியவே இல்லை என்று சொன்னார்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கும் சமூகத் தணிக்கைக்கும் வேர் அங்கே இருக்கிறது.

அதைச் செய்ய நமக்குத் தனி மேடை வேண்டாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே ஊராட்சியின் வரவு செலவைக் கேளுங்கள். போவதற்கு முன் 'இ-கிராம் ஸ்வராஜ்' தளத்தில் உங்கள் ஊராட்சிக்கு என்ன செலவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில்தான் சபையில் கேள்வி கேட்பது இன்னும் தேவை. தீர்மானம் போடும்போது வார்த்தையை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். "டெண்டரை முறையாக நடத்த வேண்டும்" என்ற தீர்மானத்தால் யாருக்கும் பயனில்லை. "ரூ.10 லட்சத்துக்குக் குறைவான வேலைகளை வேறு வேலைகளோடு சேர்த்துப் பேக்கேஜாக விடக் கூடாது என்று ஒன்றியத்தை இச்சபை கேட்கிறது" என்று இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

பத்தாம் படி: எங்கே புகார், எப்படிப் புகார்

நடைமுறைக் குறை என்றால் முதலில் வட்டார வளர்ச்சி அலுவலர், பிறகு திங்கள்கிழமை ஆட்சியரின் குறைதீர்க் கூட்டம். உள்ளாட்சி அமைப்பில் முறைகேடு என்றால் 2014-ம் ஆண்டுச் சட்டப்படியான உள்ளாட்சி முறைமன்ற நடுவர். லஞ்சம் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. ரயில்வே, கடற்படை போன்றவற்றுக்கு அந்தந்தத் துறையின் கண்காணிப்பு அதிகாரியும் மத்தியக் கண்காணிப்பு ஆணையமும்.

புகாரில் ஆவணம் பேசட்டும். "கமிஷன் வாங்கினார்" என்று ஆதாரமில்லாமல் பெயர் எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் வீடு தேடி வரும். "15 நாள் தர வேண்டியதற்கு 6 நாள் தந்திருக்கிறார்கள், அனுமதி ஆணை இல்லை" என்று எழுதினால் அதை யாராலும் மறுக்க முடியாது. தனி ஆளாகக் கையெழுத்திடாதீர்கள். மனுவில் பத்துப் பேர் இருக்கட்டும், அதில் பெண்கள் இருக்கட்டும், அசல் ஆவணங்கள் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். தகவல் கேட்டவர்கள் தாக்கப்பட்ட சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. கூட்டாக நிற்பவரைத் தொடத் தயங்குவார்கள்.

எல்லா டெண்டரையும் பார்க்க முயலாதீர்கள், குழு ஒரே மாதத்தில் களைத்துவிடும். மண்டபம் ஒன்றியத்தில் இப்போது திறந்திருக்கும் டெண்டர்களில் ஒன்றே ஒன்றை இந்த வாரம் எடுங்கள். ஆவணத்தை அச்சிட்டு, அந்த வேலையைச் செய்யத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை அருகில் உட்காரவைத்து, தகுதி நிபந்தனைகளை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் வெளியே போகிறார் என்பதைக் கோடிட்டு, அந்த வரிக்குக் காரணம் கேட்டு உங்கள் முதல் கடிதத்தை எழுதுங்கள்.